முந்திப்போன லொறி

"நீ எடுத்துச் சொன்னபடியாலதான் பிள்ளை, வேளைக்குப் போய்ச் சேர்ந்தனாங்கள்" என்று சொல்லிக்கொண்டே கிறிஸ்தோபர் கிணற்றடியில் குந்தியிருந்து கையிலிருந்த கிறீஸை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தான்.

குசினி வாசலில் நின்ற ஐவிக்கு அண்ணன் எதைச் சொல்கிறான் என்று விளங்கவில்லை. கார்த்திகை மழையில் கப்பல்துறைப் பக்கத்து ரெலிபோன் லைன் காலையிலிருந்தே பழுதாகிக் கிடந்தது. அந்தப் பக்கத்திலிருந்து அன்று முழுவதும் அவள் வேலை செய்யும் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு அழைப்பும் வரவில்லை.

"நான் எடுக்கேல்லையே அண்ணா."

"பின்னை ஆர் எடுத்தது? கப்பல்துறை வளைவு, சாம்பல் நிற ஒஸ்ரின் கார் எண்டு சொன்னனீ. உன்ர குரல் எனக்குத் தெரியாதோ?"

அவன் சிரித்தபடி வாளியைச் சரித்தான். மண்ணெண்ணெய் மணத்துக்கு அடியில் இன்னொரு மணம் இருந்தது. நனைந்த இரும்பை மூக்கருகே பிடித்ததுபோன்ற மணம். அவனுடைய சேர்ட்டின் கைமடிப்பில் கறுத்துக் காய்ந்திருந்தது கிறீஸ் அல்ல என்பதை அவள் அப்போதுதான் கண்டாள்.

வெள்ளைக்கார நேவி விட்டுப்போன பழைய லொறியொன்றை ஏலத்தில் எடுத்து, பின்னால் கப்பியும் சங்கிலியும் பூட்டி, விபத்துப்பட்ட வாகனங்களைக் கட்டியிழுத்து வருவதுதான் கிறிஸ்தோபரின் தொழில். அன்புவழிபுரத்துப் பக்கம் கண்டி வீதியோரத்தில் அவனுடைய கராச் இருந்தது. எங்கே எந்த வாகனம் புரண்டாலும் பொலிஸுக்கு முன்னம் அவன் லொறி அங்கே நிற்கும். அது எப்படி என்று திருகோணமலையில் எல்லோரும் கேட்டார்கள். பொலிஸில் ஆள் வைத்திருக்கிறான் என்றார்கள் சிலர். அவனே வீதியில் எண்ணெயை ஊற்றிவிட்டுக் காத்திருக்கிறான் என்றார்கள் வேறு சிலர். உண்மையில் அது ஐவியின் வேலை. விபத்தைக் கண்டவர்கள் ஓடிப்போய்ப் பக்கத்துக் கடையிலோ ஆலையிலோ ரெலிபோனைச் சுழற்றுவார்கள். அந்த அழைப்பு எக்ஸ்சேஞ்சில் அவளுடைய போர்டில்தான் வந்து விழும். பொலிஸையும் ஆஸ்பத்திரியையும் இணைத்துக் கொடுத்துவிட்டு, கராச்சுக்கும் ஒரு வயரைச் செருகி இரண்டு சொல் சொல்வாள். அவள் சொன்னதால் அண்ணன் நேரத்துக்குப் போய் இழுத்தெடுத்த உயிர்கள் இருந்தன. அதனால் அவள் அதைப் பிழையென்று நினைத்ததில்லை.

ஆனால் ஒன்று. எக்ஸ்சேஞ்சில் ஒருவர் வயரைச் செருகாமல் கராச்சில் மணி அடிக்காது. அன்று பகல் முழுவதும் அந்தப் போர்டின் முன்னால் இருந்தவள் ஐவி மட்டும்தான்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகும்போது எக்ஸ்சேஞ்ச் கேற்றடியில் அன்ஸார் குடையோடு நின்றான். கிண்ணியாக்காரன், பல வருடமாகக் கிறிஸ்தோபரோடு லொறியில் போகும் மெக்கானிக். அவளைக் கண்டதும் குடையைச் சற்றுத் தாழ்த்தினான்.

"தங்கச்சி, நான் இனி லொறியில ஏறமாட்டன். அதை உங்களுக்கும் சொல்லிப்போட்டுப் போகத்தான் வந்தனான்."

"என்ன நானா நடந்தது?"

"நேற்று நாங்கள் போய்ச் சேரேக்க அங்க காரும் இல்லை, ஒண்டும் இல்லை. வீதி வெறிச்சோடிக் கிடந்தது. திரும்புவம் எண்டு சொன்னனான். 'ஐவி சொன்னவள், நில்லு' எண்டார் உங்கட அண்ணன். நிண்டம். அதுக்குப் பிறகுதான் கார் வந்தது."

மழை குடைத்துணியில் பொரிந்தது. அன்ஸார் குரலைத் தாழ்த்தினான்.

"வளைவுக்குள்ள எங்கட லொறி நிண்டதைக் கண்டுதான் அந்த மனிசன் வெட்டித் திருப்பினவர். நாங்கள் நிண்டிராட்டி அவர் நேர வீட்டுக்குப் போயிருப்பார். இப்பிடி நடக்கிறது இது மூண்டாந்தரம்."

"அண்ணாவுக்கு இதைச் சொன்னனீங்களோ?"

"சொன்னனான். அவருக்கு ஏறேல்லை. மணி அடிச்சா அவருக்கு முகமே வேற மாதிரி ஆகுது, தங்கச்சி."

அன்று மாலையே ஐவி அண்ணனை மேசையில் இருத்தி, இனித் தான் ஒரு சேதியும் தரப்போவதில்லை என்றாள். "என்ர குரலில ஆர் கூப்பிட்டாலும் போகாதேங்கோ. அது நான் இல்லை. விளங்குதோ?" கிறிஸ்தோபர் பாணைப் பிய்த்து வாயில் வைத்து, மெல்லாமல் வைத்திருந்து, கடைசியில் "சரி" என்றான். தாயும் தகப்பனும் போனபின் அந்த வீட்டில் அவர்கள் இருவர்தான். அவள் கேட்டு அவன் மறுத்தது எதுவுமில்லை.

ஆனால் அதற்குப் பிறகு அவனால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கதிரையில் இருப்பான், எழும்புவான், யன்னலடிக்குப் போவான், திரும்பி வருவான். வீட்டில் ரெலிபோன் இல்லை. இருந்தும், துறைமுகத்துப் பக்கமிருந்து ஒரு படகு மணியோ தெருவில் சைக்கிள் மணியோ கேட்டால் அவன் கழுத்து அந்தப் பக்கம் வெடுக்கென்று திரும்பும். கதையின் நடுவில் தலையைச் சரித்து, யாரோ சொல்வதைக் கேட்பவன்போல, "ஓம், ஓம்" என்பான். ஐவி கேட்டால், ஒன்றுமில்லை என்பான்.

அவளுக்கும் நிம்மதி போய்விட்டது. எக்ஸ்சேஞ்சில் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு இருக்கும்போது, வரிசை வரிசையாக இருந்த துளைகளில் ஒன்றைமட்டும் கண் தேடிப்போனது. ஒவ்வொரு துளைக்கும் மேலே ஒரு சிறு பித்தளை மூடி. அந்த வீட்டுக்காரரோ கடைக்காரரோ ரெலிபோனைச் சுழற்றினால் அது 'டக்'கென்று விழும். கராச்சின் மூடி விழாமலே இருந்தது. சூடேறிய வயரின் மணமும், ஈரச் சுவரின் பூஞ்சண மணமும், கூரையில் ஓயாமல் இறங்கும் மழையும், பேசி முடித்தவர்களின் லைனில் மிச்சமிருக்கும் மெல்லிய இரைச்சலும் சேர்ந்து, அறைக்குள் தன் பின்னால் யாரோ தன்னுடைய தாளத்திலேயே மூச்சு விடுவதுபோல அவளுக்குத் தோன்றத் தொடங்கியது. திரும்பிப் பார்ப்பாள். வெறும் கதிரை.

அந்தச் சனிக்கிழமை பின்னேரமே இருட்டிவிட்டது. அவளுக்கு அடுத்ததாகப் போர்டில் இருக்க வரவேண்டிய எல்சி மழையில் எங்கேயோ அகப்பட்டிருந்தாள். அழைப்புகள் நின்றுபோயிருந்தன. ஐவிக்கு அண்ணனின் குரலைக் கேட்கவேண்டும்போல இருந்தது. வீட்டுக்கு வரும்போது பாண் வாங்கிவரச் சொல்லலாம். கராச்சின் துளையில் வயரைச் செருகினாள்.

மணி போகவில்லை. லைனில் ஏற்கனவே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"...இனி ஒண்டும் சொல்லமாட்டன் எண்டனீ?" அது கிறிஸ்தோபர்.

"இது கடைசி, அண்ணா."

ஐவியின் கை வயரிலேயே நின்றது. அது அவளுடைய குரல். சளி பிடித்ததால் நேற்றிலிருந்து அடைத்திருந்த அதே குரல்.

"எங்க?"

"கப்பல்துறை வளைவு."

"என்ன வண்டி?"

"லொறி."

"அண்ணா, அது நான் இல்லை" என்று ஐவி குழலுக்குள் கத்தினாள். "போகாதேங்கோ. நான் இஞ்ச இருக்கிறன். அண்ணா."

யாருக்கும் அது கேட்கவில்லை. "சரி பிள்ளை" என்றான் அவன். கதிரை பின்னுக்குத் தள்ளுப்படும் சத்தம். லைன் வெறுமையானது.

அவள் மணியை அடித்தாள். திரும்பவும் அடித்தாள். கராச்சில் எடுக்க ஆளில்லை. வளைவடியில் ஒரு கடை இருந்தது, ஆதம்பாவாவின் கடை. அங்கே ரெலிபோன் இருந்தது; பழுதாகிக் கிடந்த லைனை இதற்கிடையில் திருத்தியிருந்தார்கள். அவசரத்தில் வயர் துளைக்குள் போக மறுத்தது. போனது.

"ஆதம்பாவா காக்கா, நான் எக்ஸ்சேஞ்சில இருந்து ஐவி. கிறிஸ்தோபரிட தங்கச்சி. அண்ணாவிட லொறி இப்ப அந்தப் பக்கம் வரும். அதை மறியுங்கோ. வளைவுக்கு வர விடாதேங்கோ. தங்கச்சி உடனே திரும்பி வரச் சொன்னவள் எண்டு சொல்லுங்கோ."

"இந்த மழைக்குள்ளயோ?"

"உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன் காக்கா."

"சரி, சரி. லாம்பை எடுத்துக்கொண்டு போறன். வச்சிடாதேங்கோ."

ரெலிபோன் பலகையில் வைக்கப்பட்ட சத்தம். கதவு. பிறகு மழை மட்டும். அவள் காதுக்கருவியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தகரத்தில் மழை. ஒரு நாய். தூரத்தில் லொறியின் இரைச்சல். அவளுக்குப் பழகிய அந்த நேவி லொறியின் கனத்த இருமல். கிட்ட வந்தது. இன்னும் கிட்ட.

ஆதம்பாவா ஏதோ கூப்பிட்டார்.

பிரேக்.

நீண்ட பிரேக்.

பிறகு மரம் முறிவது. கண்ணாடி. சங்கிலி தானாக அவிழ்ந்து ஓடும் சத்தம். அது ஓடி முடிந்தது. மழை.

ரெலிபோனை எடுத்தபோது ஆதம்பாவாவுக்கு மூச்சு வாங்கியது. "நீங்கள் சொன்னபடிதான் தங்கச்சி, லாம்பைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு நடுவில நிண்டனான். என்னில ஏறக்கூடாது எண்டு வெட்டித் திருப்பினவர். மரத்தில..."

"அண்ணா?"

"மூச்சில்லை, தங்கச்சி."

அவள் அழவில்லை. கைகள் பழகிய வேலையைச் செய்தன. பொலிஸ் துளை. வயர். "கப்பல்துறை வளைவு" என்றாள். "என்ன வண்டி?" என்று கேட்டார்கள். "லொறி" என்றாள். சொன்னபிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அதே சொற்கள். அதே அடைத்த குரல். அதே ஒழுங்கு.

ஆஸ்பத்திரித் துளை. வயர். "அம்புலன்ஸ் இப்ப வெளிக்கிடுது மிஸ்."

வயரைப் பிடுங்கினாள். அறை அமைதியானது.

டக்.

கராச்சின் மூடி விழுந்திருந்தது.

கராச்சில் ஒருவரும் இல்லை. இருக்க ஏலாது. ஐவி அந்தச் சிறு பித்தளைத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஆடி ஓய்ந்தது. வயரை எடுத்தாள். செருகினாள்.

மழை. கராச் தகரத்து மழை அல்ல. வெளியில், மரங்களில் விழும் மழை.

"பிள்ளை, நான் வந்திட்டன்" என்றான் கிறிஸ்தோபர். வேலையின் நடுவில் கதைக்கும் அவனுடைய வழமையான குரல். "இஞ்ச இன்னும் ஒண்டையும் காணேல்லை. நிக்கட்டோ?"

ஐவி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினாள். இறுக்கிப் பொத்தினாள். உள்ளங்கைக்குக் கீழே உதடுகள் மூடியிருந்தன. அசையவில்லை.

"நில்லுங்கோ அண்ணா" என்றது அவளுடைய குரல், காதுக்குள், மிக ஆறுதலாக. "அம்புலன்ஸ் வெளிக்கிட்டிட்டுது. உள்ளுக்க மூண்டு பேர்."