தண்ணீர் போகும் வழி

முந்தின நாள் சாயங்காலம் கழுத்து வரை தண்ணீர் நிரப்பி மூடிய ரேடியேட்டர், காலையில் திறந்து பார்த்தபோது காலியாக இருந்தது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஓட்டையிருந்தால் ஒழுகத்தான் செய்யும். ஆனால் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்காக வண்டிக்கு அடியில் விரித்து வைத்திருந்த செய்தித்தாள்களில் ஒரு சொட்டு ஈரம் கூட இல்லை. ஒரு தாளை எடுத்தார் பட்டறைக்காரர். சருகு மாதிரி அவர் விரல்களிலேயே நொறுங்கி உதிர்ந்தது.

"மட்டமான பேப்பர்" என்று சொல்லிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

அவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சூடாகிற வண்டி எதுவானாலும், நாலு இடம் சுற்றிவிட்டுக் கடைசியில் அவருடைய பட்டறைக்குத்தான் வரும். அந்த நாலு இடத்தையும் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயம் ஒன்றுதான்: ஸ்பேனரைப் பிடிக்கத் தெரிந்த ஆடுகள். வண்டி வைத்திருப்பவர்களைப் பற்றி அதுகூடச் சொல்ல மாட்டார். ஆட்டுக்காவது தாகம் எடுத்தால் தெரியும் என்பார்.

இந்த வண்டி ஒரு டெய்லரம்மாவுடையது. கணவர் விட்டுப் போனது, விற்க மனசில்லை என்றாள். பானெட்டில் பெயிண்ட் வெடித்து, சீட் கிழிந்து, பழைய இரும்புக்காரன் கூட யோசிக்கிற வண்டி. அவளும் அப்படித்தான் இருந்தாள். உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. கையில் ஒரு பாட்டில். ரெண்டு வார்த்தைக்கு ஒரு தரம் குடித்துக்கொண்டாள்.

"ஒரு கேன் தண்ணி எப்பவும் வண்டியிலேயே வச்சிருப்பேன் சார். கேக்கறப்பல்லாம் ஊத்திடுவேன்."

"வண்டி வாயைத் தெறந்து கேக்குமாம்மா?"

"கேக்கும் சார்" என்றாள் அவள். கேலி அவளுக்கு எட்டியதாகவே தெரியவில்லை.

அவள் போன பிறகு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் டாக்டர். கூட வேலை செய்யும் மச்சான் சிரிக்கவில்லை. அவர் மனைவியின் தம்பி. வேறு எங்கும் நிலைக்காமல் இங்கே வந்து ஒட்டிக்கொண்டவன். அவனைச் சம்பளம் வாங்கும் தூண் என்று நினைத்தார் அவர்.

முற்பகல் முழுவதும் ஒன்றொன்றாகப் பார்த்தார்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்த்தார், ஒழுங்காகத் திறந்தது. வாட்டர் பம்ப் சுத்தம். ஃபேன் சுற்றியது. ஹோஸ்களில் வெடிப்பில்லை. ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்க வேண்டும். இது தெளிவாக இருந்தது. புகையிலும் வெள்ளை இல்லை. கடைசியில் ரேடியேட்டர் வாயில் காற்றழுத்தக் கருவியை மாட்டி அழுத்தம் ஏற்றினார். ஒழுகல் இருந்தால் கருவியின் முள் இறங்கும். இல்லையென்றால் நின்ற இடத்தில் நிற்கும்.

முள் இறங்கியது. பிறகு ஏறியது. பம்ப்பில் யாரும் கை வைக்கவில்லை. மறுபடி மெதுவாக இறங்கியது, மெதுவாக ஏறியது, தூங்குகிறவனின் நெஞ்சு மாதிரி.

டாக்டர் கருவியைப் பிடுங்கி மூலையில் எறிந்தார். "குப்பை. காசு கொடுத்து வாங்கினேன் பாரு."

"மாமா" என்றான் மச்சான். "ஒழுகல, ஆவியாகல, ஆயில்லயும் கலக்கல. அப்ப தண்ணி எங்கதான் போகுது?"

"உன் மண்டைக்குள்ள போகுது. அங்கதானே எடம் காலியா கெடக்கு."

அதற்குப் பிறகு மச்சான் வண்டியின் முன்பக்கமாகப் போகாமல் சுற்றியே நடந்தான். டாக்டர் அதைக் கவனித்தார். மனதுக்குள் காறித் துப்பினார்.

மதியத்துக்கு மேல் பட்டறையில் ஏதோ ஒரு வாடை வந்தது. கூலன்ட் வாடையென்றால் இனிப்பாக இருக்கும்; எரிந்த ரப்பர் என்றால் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். இது அந்த ரெண்டும் இல்லை. நாள்கணக்காகக் காய்ச்சலில் கிடப்பவரின் அருகே குனிந்தால் வாயிலிருந்து வருமே, அந்தப் புளித்த, வெதுவெதுப்பான மூச்சு. கை கழுவும் வாளியில் தண்ணீர் இல்லை. துடைக்கும் ஈரத்துணி பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. பின்பக்கத் தொட்டியில் எப்போதும் நிற்கும் பாசி கூட உலர்ந்து உரிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மச்சானைத் திட்டினார். திட்டும்போது தன் குரல் சுருதி பிசகிக் கரகரப்பதைக் கேட்டு, அதற்கும் அவனையே திட்டினார். அவர் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் டெய்லரம்மாவுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, இதுல வேற யாராவது கை வெச்சாங்களா?"

"இன்னிக்கு எவ்வளவு ஊத்துனீங்க?" என்று கேட்டாள். குரல் நன்றாகத் தெளிந்திருந்தது, நல்ல தூக்கம் தூங்கி எழுந்தவள் போல.

"காலைல இருந்து ஊத்தல. ஒழுகலைப் பாக்கறப்ப யாராவது ஊத்துவாங்களா?"

"ஊத்தலைன்னா அது தேட ஆரம்பிச்சிடும் சார்" என்றாள். "நான் இனிமே வண்டியை எடுத்துக்க வரல. நீங்களே வெச்சுக்கோங்க."

போன் துண்டிக்கப்பட்டது. பைத்தியம், என்று சொல்லிக்கொண்டார். பைத்தியத்துக்கெல்லாம் லைசென்ஸ் கொடுத்திருக்கிறான். சொல்லிவிட்டுத் திரும்பியபோது வண்டியைப் பார்க்காமல் இருக்க முயல்வதை உணர்ந்தார். அந்த உணர்வின் மேலேயே அவருக்கு வெறுப்பாக இருந்தது.

"தெருக் குழாய்ல தண்ணி பிடிச்சிட்டு வா" என்றார் மச்சானிடம்.

"மாமா, இதை வெளியே தள்ளி விட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாம். அக்கா காத்திட்டிருக்கும்."

"பயந்தாங்கொள்ளி. தண்ணி வேண்டாம், நீ சீட்ல உக்காரு. சாவியைப் போடு, ஸ்டார்ட் பண்ணாத. டெம்பரேச்சர் முள்ளு எங்க இருக்கு?"

மச்சான் தயங்கி, கதவைத் திறந்து உட்கார்ந்தான். சாவி திரும்பியது.

"சிவப்புல நிக்குது மாமா."

எஞ்சினை மதியமே நிறுத்தியாயிற்று. ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது. சென்சார் புதிது, வயர் புதிது. பிறகெப்படி முள் சிவப்பில் நிற்கும்? உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. அவ்வளவுதான். அந்த நாலு ஆடுகளில் ஒன்று உள்ளே துணியை விட்டுவிட்டுத் தைத்திருக்கிறது. நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது, நிம்மதியாகவும் இருந்தது. இடது கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, திறந்து நின்ற பானெட்டுக்குக் கீழே குனிந்து, ரேடியேட்டரின் வாய்க்குள் வலது கை ஆள்காட்டி விரலை விட்டார்.

அந்த வாடை முகத்தில் மோதியது.

விரல் எதன்மேலோ பட்டது. தகரமில்லை. துணியுமில்லை.

மெத்தென்று இருந்தது. ஈரம். வெதுவெதுப்பு.

அது விரலைச் சுற்றி மூடிக்கொண்டது.

பல் இல்லை. வெறும் ஈறு. பச்சைக் குழந்தை வாய் வைத்துச் சப்புவது போலச் சப்பியது. நிதானமாக. அவசரமே இல்லாமல்.

இழுத்தார். வரவில்லை. காலை முட்டுக்கொடுத்து இழுத்தார். உள்ளே ஏதோ முழுங்கியது. மடக். சின்னச் சத்தம். மறுபடி, மடக்.

கத்த வாயைத் திறந்தார். நாக்கு எழவில்லை. தொண்டையில் காற்று மட்டும் உரசியது. அவருக்கும் மச்சானுக்கும் நடுவே பானெட் சுவர் மாதிரி நின்றது.

"மாமா, முள்ளு அசையுது" என்றான் மச்சான்.

மடக்.

"இறங்குது மாமா. நிஜமாவே இறங்குது." அவன் குரலில் இத்தனை வருஷமாக அவர் கேட்டிராத ஒரு சந்தோஷம். "பாதிக்கு வந்துடுச்சு. உங்க கைராசியே கைராசிதான். அப்படியே இருங்க."

டார்ச் நழுவி எஞ்சின் மேல் விழுந்தது. அணையவில்லை. வெளிச்சம் அவர் கை மீது நேராக அடித்தது. புறங்கை நரம்புகள் தட்டையாகிப் படுத்திருந்தன. விரல்கள் குச்சியாகியிருந்தன. மணிக்கட்டில் தோல் எலும்போடு ஒட்டி, மடிப்பு மடிப்பாகச் சுருண்டிருந்தது. ஒவ்வொரு முழுங்கலுக்கும் இன்னொரு மடிப்பு விழுந்தது.

"நார்மலுக்கு வந்துடுச்சு மாமா."

மடக்.

சுருக்கம் முழங்கையைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது.