முன்பாதி டுசல்டார்ஃப், பின்பாதி வூப்பர்தால்

"பயணிகள் கவனத்திற்கு... பெட்டிகளின் வரிசை இன்று தலைகீழாக உள்ளது."

ஒலிபெருக்கியில் அந்தப் பெண்குரல் சாவகாசமாகச் சொல்லி முடிப்பதற்குள் ஹனோவர் நடைமேடையில் மொத்தக் கூட்டமும் ஓட ஆரம்பித்தது. இந்தக் கோடியில் நின்றவர்கள் அந்தக் கோடிக்கு... அந்தக் கோடியில் நின்றவர்கள் இந்தக் கோடிக்கு. வருவதே அரை மணி நேரம் லேட்டு. வந்த பிறகாவது நிம்மதியாக ஏற விடுகிறதா இந்த ரயில்!

இம்கேவும் ஓடினாள். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் குடை. தூறல் வேறு முகத்தில் அடித்தது. எதிரே ஓடி வந்தவனை அவள் பார்க்கவே இல்லை.

டமால்!

அவன் கையிலிருந்த சாசேஜ் ரொட்டி எகிறிப் பறந்தது. ரொட்டி தரையில் விழுந்தது. அதில் தடவியிருந்த கடுகு விழுது மட்டும் குறி பார்த்த மாதிரி அவளுடைய புது நீல உடையின் தோளில் அப்பிக்கொண்டது.

"கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

"எனக்கு நல்லாவே தெரியுது. உங்களுக்குத்தான் இடது கண்ணுல பவர் இருக்கும் போல... போர்டைப் பார்க்கறப்ப அப்படிச் சுருக்குனீங்களே."

திமிரைப் பார்! இடித்ததும் இல்லாமல்...

"தப்பா எடுத்துக்காதீங்க. கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். யாரைப் பார்த்தாலும் முதல்ல கண்ணைத்தான் பார்ப்பேன்..." என்று சொல்லிக்கொண்டே பார்த்தவன், பேச்சைப் பாதியில் விட்டான். மழை நேரத்துச் சாம்பல் நிறம் அந்தக் கண்களுக்கு. இமை நுனியில் ஒரு துளி நின்றுகொண்டு விழலாமா வேண்டாமா என்று யோசித்தது. அவனுக்கு அடுத்து என்ன சொல்ல வந்தோம் என்பதே மறந்துபோயிற்று.

"முதல்ல வழியை விடுங்க!" என்று அவள் போய்விட்டாள்.

போய் என்ன செய்ய... அவள் இருக்கை பதிவு செய்திருந்த பெட்டியே இன்று ரயிலில் இல்லை.

"இல்லைன்னா?" என்று டிக்கெட் பரிசோதகரிடம் கேட்டாள்.

"வரலைங்க."

"ஒரு முழுப் பெட்டி எப்படிங்க வராம போகும்?"

"மத்த பெட்டியெல்லாம் வந்ததே பெரிய விஷயம். காத்தாட நில்லுங்க," என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார். ஏசி வேலை செய்யாத பெட்டியில் எந்தக் காற்று ஆடும் என்று அவர் சொல்லவில்லை.

நின்ற இடத்தில் குனிந்து பார்த்தால்... ஜன்னலோரத்தில் அவன்! கையில் காகிதத் துடைப்பானை நீட்டிக்கொண்டு எழுந்தான்.

"உட்காருங்க. நான் நிக்கறேன்."

"தேவையில்ல."

"கடுகுக்கு நஷ்ட ஈடுன்னு வச்சுக்குங்க."

"நிக்க எனக்குக் கால் இருக்கு."

அவனும் உட்காரவில்லை. ஆக, ஒரு காலி இருக்கைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் விறைப்பாக நின்றுகொண்டு வந்தார்கள். பீலஃபெல்ட் வருவதற்கு முன் ரயில் வயல்வெளியில் நின்றது. சிக்னல் கோளாறாம். பத்து நிமிடம் ஆயிற்று, அசையவில்லை. கழிவறை பூட்டு, சாப்பாட்டுப் பெட்டியில் காபி தீர்ந்துவிட்டது என்று ஒவ்வொன்றாக அறிவிப்பு வந்தது. கடைசியில் பீர் பாட்டிலும் கையுமாக வந்த ஒருவர் அந்த இருக்கையில் கண் வைப்பதைப் பார்த்ததும் இம்கே சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். அவன் சிரித்தான். அவளுக்கும் உதட்டோரம் துடித்தது... அடக்கிக்கொண்டாள்.

"அவசரமாப் போகணுமா?" என்று கேட்டான்.

"ரெண்டரைக்குக் கல்யாணம்."

அவன் முகம் வாடியது நன்றாகவே தெரிந்தது. "ஓ... உங்களுக்கா?"

"எங்கம்மாவுக்கு."

அவ்வளவுதான். அணை உடைந்த மாதிரி கொட்டிவிட்டாள். ரயிலில் பக்கத்தில் இருப்பவனிடம்தானே இதையெல்லாம் சொல்ல முடியும்? இறங்கினால் யாரோ, எவரோ. அப்பா போய் நாலு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் அம்மாவுக்கு ஓர் ஆள். அதைத் தாங்க முடியாமல் ஈஸ்டருக்கு வீட்டுக்குப் போகவில்லை. ரயில் ரத்து என்று பொய் சொன்னாள். அம்மாவின் பிறந்த நாளுக்கும் அதே ரயில், அதே பொய். அந்த நாட்டில் அதைவிட லேசான பொய் கிடையாது. யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

"ஆனா எங்கம்மா கண்டுபிடிச்சுட்டாங்க. கல்யாணத்துக்கு வான்னு கூப்பிட்டப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க... 'வரலைன்னா வரலைன்னு சொல்லு, ரயில்னு மட்டும் சொல்லாத.' நான்தான் சாட்சிக் கையெழுத்துப் போடணும். இன்னைக்கு நான் நேரத்துக்குப் போகலைன்னா வேணும்னேதான் வரலைன்னு நினைச்சுக்குவாங்க. அதோட எல்லாம் முடிஞ்சுது."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு காகிதத் துடைப்பானைக் கொடுத்தான். அவன் அப்படிச் சும்மா கேட்டுக்கொண்டது அவளுக்குப் பிடித்திருந்தது. அதுவே இன்னும் பேச வைத்தது.

"அந்த ஆளு மட்டும் என்ன... வாயைத் திறந்தா தேனீதான்! பொட்டிப் பொட்டியா தேனீ வளர்க்கறானாம். எங்கம்மா வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துட்டுத்தான் வளைச்சுப் போட்டிருக்கான். வூப்பர்தால்ல வேற தோட்டமே இல்ல பாருங்க! டீட்மராம் டீட்மர்!"

அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வாயைத் திறந்தான்... மூடிக்கொண்டான். இம்கே கவனித்தாள். பாவம், நம் சோகத்தைக் கேட்டு மனசு கஷ்டப்படுகிறான் என்று நினைத்தாள்.

இதற்குள் ரயில் எப்படியோ ஊர்ந்து ஹம் வந்து சேர்ந்தது. அந்த வழியில் போகிற எல்லோருக்கும் ஹம்மைத் தெரியும். இரண்டு ரயிலாக ஒட்டி வருவதை அங்கேதான் பிரிப்பார்கள். ஒரு பாதி வூப்பர்தால் வழியாகக் கொலோன் போகும். மறுபாதி டோர்ட்முண்ட் வழியாக டுசல்டார்ஃப். உள்ளுக்குள்ளேயே நடந்து மாற வழி கிடையாது.

"வரிசை மாறியுள்ளதால், இன்று முன்பாதி டுசல்டார்ஃபுக்கும் பின்பாதி வூப்பர்தாலுக்கும் செல்லும். பயணிகள் இறங்கி மாறிக்கொள்ளவும்."

பெட்டி முழுக்க ஒரே ஏச்சு. எல்லோரும் மூட்டை முடிச்சோடு இறங்கிப் பின்பக்கம் ஓடினார்கள். அவன் இருவருடைய பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னே ஓடி, பின்பாதியின் முதல் கதவில் தன் பெட்டியை ஏற்றி வைத்துவிட்டு, அவள் பெட்டியை ஏற்றக் கையிலெடுத்தான். அப்போது பார்த்து அவன் செல்போன் அடித்தது.

"ஹென்னிங்தான் பேசறேன், டீட்மர் மாமா... ஆமா, ஹம் வந்துட்டேன்..."

இம்கேவின் கால் அங்கேயே நின்றது.

டீட்மர். மாமா. வூப்பர்தால்.

அவன் போனைக் கீழே இறக்கினான். முகம் வெளுத்திருந்தது.

"அவரு... உங்களுக்கு..."

"எங்கம்மாவோட கூடப்பிறந்தவரு. எங்கப்பா விட்டுட்டுப் போனப்புறம் என்னை வளர்த்தவரு."

"அப்ப இவ்வளவு நேரமும் நான் பேசினதை எல்லாம் நின்னு கேட்டுட்டு... வாயைத் திறக்கவே இல்ல! உள்ளுக்குள்ள சிரிச்சீங்களா?"

"சத்தியமா இல்ல. சொல்லலாம்னு..."

"எதுவும் சொல்ல வேண்டாம்!"

அவன் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கினாள். கோபம்தான்... ஆனால் கோபத்துக்கு அடியில் கொதித்தது வெட்கம். வளர்த்த மனுஷனைப் பற்றி அவன் முகத்துக்கு நேராகவே என்னென்ன சொல்லிவிட்டோம்! அவன் முகத்தில் இனி முழிக்கவே கூடாது என்று விடுவிடுவென்று நடந்து, எதிரே தெரிந்த கதவில் ஏறினாள்.

"அதுல ஏறாதீங்க! அது இல்ல!"

"நீங்க இருக்கற பெட்டியில எனக்கு இடம் வேண்டாம்!"

"ஐயோ, அதைச் சொல்லலைங்க! போர்டைப் பாருங்க!"

போர்டு அவளுக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. தெரிந்தாலும் இருந்த கோபத்தில் பார்த்திருக்க மாட்டாள். கதவு மூடப்போகிற பீப் சத்தம் கேட்டது. நடைமேடையில் அவன் ஒரு தரம் பின்பாதியைப் பார்த்தான். ஒரு தரம் அவளைப் பார்த்தான். பிறகு ஒரே ஓட்டமாக ஓடிவந்து, மூடுகிற கதவுக்குள் உடம்பை நுழைத்துவிட்டான்.

"அடுத்த நிறுத்தம், டோர்ட்முண்ட்."

"டோர்ட்... என்ன?" அவள் மூடிய கதவைப் பார்த்தாள்.

"இது டுசல்டார்ஃப் பாதி. அதைத்தான் கத்தினேன்," என்றான் மூச்சு வாங்க.

"உங்க பெட்டி?"

"அதுல. என் கோட்டு சூட்டெல்லாம் தனியா கொலோன் போகுது."

"தெரிஞ்சேவா இதுல ஏறுனீங்க?"

அவன் அவள் பெட்டியை வாங்கிக் காலி இருக்கையோரம் வைத்தான், இருவரும் உட்கார்ந்தார்கள். அவன் பதில் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது. திரையில் 'அம்மா'. எடுக்கிற பதற்றத்தில் விரல் எங்கேயோ பட்டு ஸ்பீக்கர் போட்டுக்கொண்டது.

"எங்க இருக்க இம்கே? பதிவு அலுவலகத்துல எல்லாரும் உன்னைக் கேக்கறாங்க."

"அம்மா... ரயிலு..."

அம்மா ரோஸ்விதாவின் குரல் வந்தது, ரொம்பச் சாதாரணமாக. "ரயில். சரி."

"இல்லம்மா, இந்தத் தடவை நிஜமாவே..."

"விடு. உனக்கு மனசு இல்ல. எனக்குப் புரியுது. நான் உன்னை வற்புறுத்தியிருக்கக் கூடாது."

இம்கே அழுதுவிட்டாள். விளக்கம் சொன்னாலும் யார் நம்புவார்கள்? இரண்டு தரம் விற்ற பொய்யை மூன்றாம் தரம் உண்மையென்று விற்க முடியுமா? ஹென்னிங் மெல்ல அவள் கையிலிருந்து போனை வாங்கினான்.

"அத்தை, நான் ஹென்னிங். ரயில் மேல தப்பில்ல. தப்பு என் மேல."

"ஹென்னிங்கா? நீ எங்கடா அவகூட?"

"ஒரே ரயில்தான் அத்தை. நான் யாருன்னு சொல்லாம மறைச்சுட்டேன். அவங்களுக்குக் கோபம் வந்துடுச்சு. அந்தக் கோபத்துல பார்க்காம டுசல்டார்ஃப் பாதியில ஏறிட்டாங்க."

"கண்ணாடி போட்டிருக்க மாட்டாளே!"

"போடலை அத்தை."

"அதானே!" என்றாள் ரோஸ்விதா. குரல் சட்டென்று உடைந்தது. "அப்ப... கிளம்பித்தான் வந்தாளா?"

"புது நீல டிரெஸ்ஸுல வர்றாங்க. உங்களை நினைச்சு அழுதுக்கிட்டே வர்றாங்க."

"அசடு..." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சரி, டோர்ட்முண்ட்ல இறங்கி உள்ளூர் ரயிலைப் பிடிங்க. அடுத்த ஜோடியோட ஆளுங்க எல்லாம் வந்துட்டாங்க. அவங்களை முதல்ல உள்ள அனுப்பச் சொல்லி நான் கேக்கறேன். என் பொண்ணு இல்லாம எனக்குக் கல்யாணம் வேண்டாம்."

"அம்மா..." என்றாள் இம்கே.

"இருடா ஹென்னிங்," என்று ரோஸ்விதா விடவில்லை. "அவ கோபத்துல தப்பா ஏறுனா. நீ எதுக்கு அதுல ஏறுன?"

எதிர் இருக்கையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் தாளைக் கீழே இறக்கிவிட்டார். ஹென்னிங்கின் காது மடல் சிவந்தது. போனைப் பார்த்துத்தான் பேசினான். அவளைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"முதல்லயே நான் யாருன்னு சொல்லியிருந்தா எந்திரிச்சுப் போயிருப்பாங்க அத்தை. போகக் கூடாதுன்னுதான் சொல்லலை. அவங்க தனியா அந்தப் பக்கம் போறாங்க, நான் சரியான ரயில்ல சரியான ஊருக்குப் போயி என்ன பண்ணப்போறேன்னு தோணுச்சு... பிடிச்சிருக்கு அத்தை. ரொம்பப் பிடிச்சிருக்கு."

"அடப்பாவி," என்றாள் ரோஸ்விதா. பின்னால் யாரோ ஆண்குரல் 'என்னவாம்?' என்று கேட்டது. "அத அவகிட்டச் சொல்லுடா, எங்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்று போனை வைத்துவிட்டாள்.

நம்ம ஊர்க் கணக்குப்படி பார்த்தால் மாமன் மகள்... முறைதான். ஆனால் அந்தக் கணக்கு அவர்கள் இருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த நிமிடத்துக்கு ஒன்றும் உதவியிருக்காது.

ரயில் ஓடியது. ஜன்னலில் மழை கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. இம்கே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க மாமாவைப் பத்தி நான் பேசினது ரொம்பத் தப்பு. போனதும் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கப்போறேன்."

"அவருக்கு அது தெரியவே வேண்டாங்க. தேனீயைப் பத்தி ஒரு கேள்வி கேளுங்க, போதும். காலத்துக்கும் உங்க பக்கம்தான்."

அவள் சிரித்துவிட்டாள். அடக்கவில்லை.

அந்த நாட்டு வழக்கப்படி, 'நீங்க'வை விட்டு 'நீ'க்கு வர வேண்டுமென்றால் பெண்தான் முதலில் கையை நீட்டித் தன் பெயரைச் சொல்ல வேண்டும். ஆண் முந்திக்கொண்டால் மரியாதை கெட்டதாகிவிடும். ஹென்னிங் அதனால்தான் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். இம்கே அவனை நேராகப் பார்த்தாள். கையை நீட்டினாள்.

"நான் இம்கே."

அவனுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் முகமெல்லாம் மலர்ந்து, அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"நான் ஹென்னிங். இம்கே... எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு."

செய்தித்தாள்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். இம்கே அவரையும் பார்த்தாள், ஜன்னலையும் பார்த்தாள், கடைசியில் ஹென்னிங்கைப் பார்த்தாள்.

"எனக்கும்தான்..." என்றாள். "உன்னை."