மின்னாத விளக்கின் கீழே

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் திறக்க வெகுநேரம் ஆனது. சரக்கு வண்டி தன் கடைசிப் பெட்டியையும் இழுத்துக்கொண்டு போன பிறகுதான் ஆட்டோ நகர்ந்தது. மடியில் டிரில் மிஷின் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சிவந்திக்கு எரிச்சலாக இருந்தது. கட்டடத்தின் மற்ற மாடிகளில் வேலை முடிந்துவிட்டது. மூன்றாம் மாடி மட்டும்தான் பாக்கி.

தீப்பிடித்தால் அலறும் ஹூட்டர், கூடவே பளிச் பளிச்சென்று மின்னும் ஃபிளாஷர். இரண்டையும் கூரையில் மாட்டுவதுதான் அவள் தொழில். தொழிலைக் கற்றுக்கொடுத்தவன் அவள் கணவன் ஜெயவேல். ஆனால் இந்த வேலையை மட்டும் அவள் தானாகவே பேசிப் பிடித்திருந்தாள்.

கொருக்குப்பேட்டை என்றதுமே அவன் முகம் சுளித்தான். "அந்த எக்ஸ்போர்ட் பில்டிங்கா? கலீஜ் இடம்மே அது. மூணாவது மாடிக்கு நீ போவாத. நான் ஆள் அனுப்புறேன்" என்றான்.

அவன் அனுப்புவதாகச் சொன்ன ஆள் வரவேயில்லை. அதனால் அவளே வந்துவிட்டாள்.

முன்பு அது வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பிய கம்பெனி. இரண்டு வருடத்துக்கு முன் தீப்பிடித்து மூடிவிட்டார்கள். இப்போது வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். காவலுக்கு இருந்த தாயம்மா, கம்பெனி நடந்த காலத்தில் அங்கேயே பெருக்கித் துடைத்தவள்.

"மேல இருட்டா கீது. ஜன்னலெல்லாம் செங்கல் வெச்சு அடைச்சிட்டாங்க" என்றபடி சாவியை நீட்டினாள். அவள் அந்த மாடிக்கு ஏறி வரவில்லை.

மூன்றாம் மாடியில் பகலே இல்லை. சிவந்தி தொங்கவிட்ட ஒற்றை பல்பைச் சுற்றி மட்டும் கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம் தேங்கி நின்றது. புதுச் சுண்ணாம்பை மீறி ஈரக் கரியின் வாடை வந்தது. அதற்கும் அடியில், சூடான இஸ்திரிப் பெட்டியின் கீழே துணி வேகும்போது கிளம்பும் கஞ்சி வாசனை.

புதிய பெட்டிகளுக்கான குழாயும் வயரும் ஏற்கெனவே இழுத்தாகிவிட்டது. பழைய பெட்டிகளைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினால் போதும். ஏணியில் ஏறிப் பழைய ஹூட்டரைக் கழற்றினாள். அதன் பின்னால் கருகிய வயர் தொங்கியது. பக்கத்திலிருந்த ஃபிளாஷரின் திருகை விடுவித்தாள். அது சட்டென்று கையோடு வந்துவிட்டது.

பின்னால் ஒன்றுமே இல்லை. வயர் இல்லை. வயர் வர ஓட்டைகூட இல்லை. வெறும் கூட்டைக் கூரையில் திருகி வைத்திருந்தார்கள்.

அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

"எந்த நாதாரி பண்ண வேல இது?" என்று வாய்விட்டுத் திட்டினாள்.

அப்போது ஏணி அதிர்ந்தது.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. யாரோ தரையைக் காலால் ஓங்கி உதைத்தது போன்ற அதிர்வு மட்டும் ஏணிக் கால் வழியாக ஏறி அவள் பாதத்தைத் தொட்டது. கீழே பார்த்தாள். யாருமில்லை. ரயில் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுபடி ஓர் உதை. இந்த முறை ஏணிக்கு மிக அருகில்.

புதியவற்றை அவசரமாக மாட்டி முடித்தாள். சோதித்துப் பார்த்துவிட்டால் கிளம்பிவிடலாம். வாசலறையில் இருந்த பேனலில் எதை அமுக்கினால் அடிக்கும், எதை அமுக்கினால் அடங்கும் என்று தாயம்மாவுக்கு முன்பே காட்டியிருந்தாள். போனில் கூப்பிட்டு, "அமுக்குக்கா" என்றாள்.

ஹூட்டர் அலறியது. ஃபிளாஷர்கள் மின்னின.

முதல் மின்னலில், கூடத்தின் கடைசியில் ஒரு பெண் நின்றிருந்தாள்.

இருட்டு.

அடுத்த மின்னலில் அவள் கூடத்தின் நடுவில் இருந்தாள். முகத்தை அண்ணாந்து கூரை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு கூச்சலிலும் அவள் இமைகூட அசையவில்லை.

இருட்டு.

ஏணிக்குக் கீழே இருந்தாள்.

சிவந்தி போனில் கத்தினாள். "நிறுத்துக்கா! நிறுத்து!" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அந்தப் பெண் பார்வையை விளக்கிலிருந்து இறக்கிச் சிவந்தியைப் பார்த்தாள். வலது கையைக் கண்ணருகே கொண்டுபோய் விரல்களை மூடி விரித்தாள், மூடி விரித்தாள். பிறகு இடது உள்ளங்கைமேல் இரண்டு விரல்களை ஓடவிட்டாள். மறுபடி கூரையைப் பார்த்தாள். எதையோ கேட்கும் முகம் அது.

சிவந்தி எப்படி இறங்கினாள், எப்படிப் படிகளைக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வாசலறைக்குள் வந்து விழுந்தபோது தாயம்மா பதறிப்போய் பேனலை அடக்கினாள்.

சிவந்தி அந்தக் கை ஜாடையை மட்டும் செய்து காட்டினாள்.

தாயம்மா சுவரோடு சாய்ந்துவிட்டாள். "தேவப்பிரியம்," என்றாள் மெதுவாக. "ராயபுரத்துப் பொண்ணு. காதும் கேக்காது, பேச்சும் வராது. யாரையாச்சும் கூப்புடணும்னா தரைய ஒதைக்கும். மேல அயர்ன் பண்ணிகினு இருந்துச்சு."

"அந்த ஜாடை?"

"லைட்டு மாட்ட வந்த ஆளு கத்துக்குடுத்தான். லைட்டு மின்னினா ஓடிடணும்னு. அது எங்க எல்லாருக்கும் அத்தச் செஞ்சு காட்டிச் சிரிக்கும். நெருப்பு புடிச்சப்ப ஹாரன் அடிச்சுது, எல்லாரும் ஓடியாந்துட்டோம். அது அட்டைப்பொட்டிக்கு அந்தாண்ட இருந்துச்சு, யாரும் பாக்கல. அயர்ன் ஆவி எப்பவும் பொகையாத்தான் இருக்கும், அதனால பொகையப் பாத்தும் பயப்படல. லைட்டு மின்னட்டும்னு உக்காந்துகினே இருந்திருக்கு." முந்தானையால் வாயைப் பொத்தினாள். "தூக்கறப்போகூட மூஞ்சி மேலதான் பாத்துகினு இருந்துச்சு."

சிவந்தி ஜெயவேலுக்குப் போன் போட்டாள். "என்னை வந்து இட்டுனு போ. எனக்குப் பயமா கீது." அவளுக்கு அப்போது அவனைத் தவிர யாரும் வேண்டியிருக்கவில்லை.

அவன் வந்தான். பைக்கை எதிர்ச்சாரியில் நிறுத்திவிட்டு அங்கேயே நின்றுகொண்டான். வாசலில் நின்ற சிவந்தியைப் பார்த்து ஏதோ சொன்னான். அந்த நேரம் பார்த்துச் சரக்கு வண்டி தடதடத்துப் போனதால் ஒன்றும் காதில் விழவில்லை. அவன் கையை உயர்த்தினான். இடது உள்ளங்கைமேல் இரண்டு விரல்களை ஓடவிட்டுக் காட்டினான்.

ஓடி வா.

சிவந்தியின் கால்கள் நகரவில்லை.

பக்கத்தில் நின்ற தாயம்மா மூச்சை இழுத்தாள். "இவன்தாம்மா. அந்த லைட்டு மாட்டுன ஆளு இவன்தான்."

சிவந்தி ரோட்டைக் கடந்து போய் அவன் எதிரில் நின்றாள். "அதுல வயரே இல்லியே" என்றாள்.

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. "செக்கிங்குக்கு ஆளு வர்றாங்க, இப்போதைக்குச் சும்மா மாட்டு, அப்பறம் வயர் இழுத்துக்கலாம்னு மேனேஜர் சொன்னான்மே. நானும் இழுத்துடலாம்னுதான் இருந்தேன்."

"அவளுக்கு ஏன்யா ஜாடை சொல்லிக்குடுத்த?"

"அது வந்து வந்து கேட்டுச்சு. சிரிச்சுகினே கேட்டுச்சு." அவன் தலை குனிந்தான். "கைக்கு வந்தத காட்டிட்டேன்."

சிவந்திக்கு இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த ராத்திரி நினைவு வந்தது. தோஸ்து செத்துட்டான் என்று பொய் சொல்லி அவள் மடியில் தலை வைத்து அவன் அழுத ராத்திரி. விடிய விடிய அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவன் ஏணி ஏறவேயில்லை. 'எங் கையவிட உங் கை சுத்தம், நீதான் மாட்டணும்' என்று கற்றுக்கொடுத்தான். அந்தச் சொல்லை அவள் அக்கம்பக்கத்திலெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்திருக்கிறாள். கட்டிக்கொண்டவன் தன்னை ஒரு ஆளாக மதிக்கிறான் என்று.

விளக்குக்குக் கீழே நிற்க அவனுக்குப் பயம். அதற்காகத் தன்னை நிற்க வைத்திருக்கிறான்.

"மேல வா," என்றாள். "அவ கேக்குறா. நீயே வந்து சொல்லு."

"உட்டுடு சிவந்தி. வூட்டுக்குப் போலாம்."

அவள் திரும்பி நடந்தாள். படியேறினாள். பின்னால் அவன் கெஞ்சிக்கொண்டே வந்தான். "போவாதமே... சொன்னா கேளு..." அவளைத் தனியே விட மனமில்லாமல் வந்தானோ, வேறு எதுவும் இழுத்து வந்ததோ, சொல்ல முடியாது. தாயம்மா நடுப்படியிலேயே நின்றுவிட்டாள். கீழே பேனலுக்கு அருகில் யாருமில்லை.

ஜெயவேல் மூன்றாம் மாடித் தரையில் கால் வைத்தான்.

ஹூட்டர் தானாக அலறியது.

மின்னல். அவன் மட்டும் நின்றிருந்தான்.

இருட்டு.

மின்னல். அவனுக்குப் பின்னால் அவள்.

இருட்டு.

மின்னல். அவள் தன் இரண்டு உள்ளங்கைகளாலும் அவன் காதுகளைப் பொத்தியிருந்தாள். குழந்தையின் காதைப் பொத்துவது போல, அவ்வளவு மென்மையாக.

இருட்டு.

அடுத்த மின்னலில் அவள் இல்லை. ஜெயவேல் மலங்க மலங்க விழித்தான். பிறகு அந்த அலறலையும் மீறிக் கேட்கும்படி உரக்கக் கத்தினான்.

"நிறுத்திட்டியா சிவந்தி? சத்தம் நின்னுடுச்சே?"

அவன் தலைக்கு நேர்மேலே ஹூட்டர் அடித்துக்கொண்டிருந்தது.

பெரியாஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்தார்கள். காதில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். ஆனால் அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. வெறும் கூடுகளை மாட்டியது யார், மாட்டச் சொன்னது யார் என்று சிவந்தி போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னாள். பிறகு புளியந்தோப்பில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

துணிமணியை எடுத்துவரத்தான் ஒருநாள் காலையில் வியாசர்பாடி வீட்டுக்கு வந்தாள். கதவு திறந்தே கிடந்தது. நல்ல வெயில் உள்ளே விழுந்திருந்தது. ஜெயவேல் கட்டிலின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. அவளைப் பார்த்ததும் முகம் மலரவில்லை. உஷ் என்று வாயில் விரல் வைத்தான்.

"அதுக்குப் பேச்சு வந்துடுச்சு சிவந்தி" என்றான்.

அவள் துணிப்பையைக் கீழே வைத்தாள்.

"வேற எதுவும் எனக்குக் கேக்கல. அது பேசறது மட்டும் கேக்குது. சின்னக் குரலு." தலையைச் சாய்த்து, பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்பவன்போலக் கொஞ்ச நேரம் இருந்தான். "ஒரே கேள்விதான். திருப்பித் திருப்பி அத்தையே கேக்குது."

இன்னா கேக்குது என்று அவள் உதடு மட்டும் அசைந்தது.

"'லைட்டு இன்னும் எரியலியே, நான் எழுந்து வரலாமா?'ன்னு கேக்குது." அவன் கண்களில் நீர் கோத்தது. "வான்னு சொல்றதா, வராதன்னு சொல்றதா? நான் இன்னும் பதில் சொல்லல."

அவனுக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத இடத்தில் குழிந்திருந்த மெத்தை மெல்ல மேலெழும்பியது.