நாலு கரண்டி அரசப்பன்

செவ்வாய்க் கிரகத்தில் உள்ள செவ்வூரில் பல் துலக்குவதற்கு முன்பே அடுத்த வீட்டுக் கதவைப் பார்த்துவிடுவது வழக்கம். ஒவ்வொரு கதவிலும் ஓர் உடல்விளக்கு. வீட்டுக்காரர் உடலுக்குள் இருக்கும் கருவிகள் அனுப்பும் சேதியை அது வண்ணமாகக் காட்டும். காற்றைப் பங்கிட்டுச் சுவாசிக்கிற ஊரில் நோயை மட்டும் ஒளிக்கலாமா என்று செய்த ஏற்பாடு. "மச்சானுக்கு ஈரல் மஞ்சளா எரியுதே, ராத்திரி விருந்தோ?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

விளக்கில்லாத கதவு ஒன்றே ஒன்றுதான். அது அரசப்பனுடையது.

"என் உடம்புக்குள்ள ஒரு கம்பி கெடையாது, ஒரு வலை கெடையாது. ஒரு நாளைக்கு நாலு கரண்டி, அவ்வளவுதான்!" என்பார் மனிதர். முருங்கைக்காய் போல் மெலிந்து, கன்னம் குழிந்திருந்தார். அந்த அழகில் மயங்கி, அவர் தலைமையில் 'நாலு கரண்டி மன்றம்' என்று ஒன்றையே தொடங்கிவிட்டது தெரு.

உள்விஷயம் வேறு. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் அவர் வயிற்றை யாரோ துணி பிழிவதுபோல் முறுக்குவார்கள். அந்தப் பயத்தில்தான் அவர் தட்டைத் தள்ளினார். மனைவி செண்பகவல்லியிடம்கூடக் 'கட்டுப்பாடு' என்றே சொல்லிவைத்திருந்தார். கைதட்டல் கிடைத்த பிறகு வலியை வெளியே சொல்ல எந்த மனிதனுக்கு வாய் வரும்?

ஒருநாள் மன்றத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்துவிட்டார். மருத்துவப்பொறி அவர் வயிற்றை ஊடுருவிப் பார்த்தது.

"குடலுக்கு இரத்தம் போகும் தமனி ஊசிக்காது அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. சாப்பிட்டால் குடல் கூடுதல் இரத்தம் கேட்கும். வழியில்லை, அதனால் வலி. இதற்குப் பெயர் கட்டுப்பாடு இல்லை, பட்டினி."

மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை நுழைத்து, அடைப்பை விரித்து, மறுபடி சுருங்காதபடி ஸ்டென்ட் என்னும் வலைக்குழலை வைத்தது. கூடவே கதவுக்கு ஒரு விளக்கையும் கொடுத்தது. சாப்பிட்டதும் குடலில் இரத்தம் பெருகினால் அது நீலமாக எரியும்.

"வெளக்கு வேண்டாமே..." என்று இழுத்தார் அரசப்பன். பொறிக்கு வெட்கம் புரியாது.

வீட்டுக்கு வந்ததும் விளக்கின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். செண்பகவல்லி பாசிமாவு தோசை சுட்டாள். ஒன்று, இரண்டு, ஐந்து. அரை மணி நேரம் ஆகியும் வலி வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

வாசலில் குரல்கள். துண்டையும் மீறி நீலம் வழிந்திருக்கிறது. முன்னால் நின்றவள் எதிர்வீட்டுப் பவளக்கொடி. மன்றத்தின் உயிர்நாடி, எலும்பும் தோலுமாக இருந்தாள்.

"அண்ணே, பொழச்சு வந்துட்டீங்களா! நேத்து தண்ணி வரிசையில நானும் மயங்கி விழுந்துட்டேன்ல!" என்றாள் பெருமையாக. "உங்க அளவுக்கு வந்துட்டேன், பாத்தீங்களா?"

அரசப்பன் விளக்கின்மேல் கிடந்த துண்டை உருவினார். இவளை விழவைத்தது தன் வாய் அல்லவா?

"தாயி, என்னைய மன்னிச்சிரு," என்றார் தலை குனிந்தபடி. "அது விரதமே இல்ல. ரத்தக்குழாய் அடைப்பு. சாப்புட்டா வலிக்கும், அதான் சாப்புடல. எல்லாரையும் ஏமாத்திட்டேன். நீ போய் வயிறு நெறயச் சாப்புடு."

காறித் துப்பினால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார்.

பவளக்கொடி யோசித்தாள். "அப்ப, பசியே எடுக்காதா அண்ணே?"

"எடுக்கும். ஆனா சோத்தப் பாத்தாலே பயமா இருக்கும்."

"அட!" என்று கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு.

மறுநாள் காலை மருத்துவப்பொறியின் முன்னே தெருவே வரிசையில் நின்றது. அடைப்பை எடுக்க அல்ல, தங்களுக்கும் கொஞ்சம் வைத்துக்கொள்ள. அப்படி ஒரு வேண்டுதலைக் கேட்டறியாத பொறி திகைத்து, அரசப்பனை வரவழைத்தது.

"வலிக்கும்," என்றது பொறி கூட்டத்திடம்.

"பரவால்ல," என்றது கூட்டம்.

"குடல் அழுகும். செத்துப்போவீர்கள்."

"எத்தன கிலோ கொறையும்?"

அரசப்பன் அவர்களைத் தடுக்கக் கைகூப்பி நின்றார். அழுதும் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. ஒரே ஒருத்தி மட்டும் அவரை ஏற இறங்கப் பார்த்தாள், லேசாகப் பூரித்திருந்த கன்னத்தில் கண் நின்றது. பவளக்கொடிதான். குரலைத் தாழ்த்தி, நிஜமான கவலையோடு கேட்டாள்:

"என்னண்ணே, ஒரே ராத்திரியில இப்படி ஊதிட்டீங்க? ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா?"