மூன்று மீட்டர் இருபது

இருபத்தொன்றாம் பெட்டியில் கற்கள் நனைந்திருந்தன.

கவிப்பிரியா கூரையைப் பார்த்தாள். தகரத்தின் மேல் சாயங்கால மழை இரைந்துகொண்டிருந்தது. ஆனால் எங்கும் ஒழுகவில்லை. இருபதாம் பெட்டி காய்ந்து தூசி படிந்திருந்தது, இருபத்திரண்டும் அப்படியே. நடுவில் இது மட்டும், ஆழத்திலிருந்து அப்போதுதான் மேலே வந்ததுபோல, இரும்பு வாடையோடு ஈரமாக இருந்தது.

அரூரைத் தாண்டி, சித்தேரி மலைக்குப் போகும் வழியில், காடு தொடங்கும் இடத்தில் இருந்தது அந்தக் கிடங்கு. மாலிப்டினம் என்ற உலோகத்தைத் தேடித் துளையிட்டு எடுத்த கற்கள், மணிக்கட்டுப் பருமனில் உருளைகளாக, ஆழ வரிசைப்படி பெட்டிகளில் கிடந்தன. கல் கிடைக்காத ஆழத்துக்கு நேரே பெட்டியில் இடத்தைக் காலியாக விட்டு, அளவு எழுதிய மரக்கட்டையை வைக்க வேண்டும். அதுதான் முறை. ஏழாம் துளையில், எண்பத்து நான்காவது மீட்டரில், துளைக்கம்பி திடீரென்று மூன்று மீட்டர் இருபது கீழே இறங்கியது. அங்கே பாறையே இல்லை. அந்த ஆழத்துக்கான பெட்டிதான் இந்த இருபத்தொன்று.

துளைக்காரர் பச்சியப்பன் அந்த நிமிடமே இயந்திரத்தை நிறுத்திவிட்டார். “எப்பவும் மொதல்ல தண்ணி வரும், பின்னாலதான் கல்லு வரும். இங்க துளைக்குள்ள வுட்ட தண்ணியே திரும்பி வரல மேடம். என்னமோ குடிச்சிட்டு இருக்குது. ஒண்ணுமில்லாத எடத்த ஒண்ணுமில்லைன்னே எழுதிடுங்க. ரொப்பிடாதீங்க.”

கற்களைப் பார்த்துப் பதிவெழுதும் நிலவியலாளர் அவள்; அப்படித்தான் எழுதினாள். திட்டத் தலைவர் நஞ்சப்பன் மரக்கட்டையை எடுத்து வெளியே வீசினார். பக்கத்துத் துளையின் நல்ல கல்லைக் கொண்டு நிரப்பச் சொன்னார். தாது இடைவெளியில்லாமல் தொடர்வதாக அறிக்கை போயிற்று. கீழே அவள் கையெழுத்து.

நான்கு மாதமாக அந்தக் கையெழுத்து அவளை அறுத்துக்கொண்டிருந்தது. கோபமெல்லாம் அவர்மேல்தான் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் சொன்னது அவர். கல் கல்லாகப் பொறுக்கி வைத்தது இந்தக் கை. பென்சில் கரியைப்போல் விரல்களில் ஒட்டிய அந்தத் தாதுவின் மினுமினுப்பு அன்று மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை.

காலையில் ஆய்வுக்குழு பொம்மிடியில் ரயிலிறங்கும். அதற்குள் பொய்க் கற்களை எடுத்துவிட வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். கடைசிக் கல்லை வைத்தபோது வாசலில் ஜீப் வந்து நின்றது.

“இங்கதான் இருப்பேன்னு தெரியும்.” நஞ்சப்பன் சிரித்தார். மேல்வரிசையில் தங்கப்பல் மின்னியது. “மெடிக்கல் சர்டிபிகேட்ல உன் உயரம் நூத்தி அம்பத்திரெண்டு சென்டிமீட்டர். கோவம் மட்டும் ஏழடியா?”

“நாளைக்கு அவங்ககிட்ட உண்மையச் சொல்லப்போறேன் சார்.”

“சொல்லேன். கையெழுத்து யாருது? உள்ள போறது யாரு?” குனிந்து ஒரு கல்லை எடுத்தார். “நகரு. நானே ரொப்பறேன்.”

நீயே போய் அதில் படு. அது உதடுவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

விளக்கு அணைந்தது.

மழைக்குக் கரண்ட் போவது வழக்கம்தான். ஆனால் மழைச் சத்தத்துக்குக் கீழே, வேறெங்கிருந்தோ, தண்ணீர் குழாயில் ஏறிவருவதுபோல் ஒரு சலசலப்பு மெல்லக் கிளம்பி, அவள் செருப்பின் வழியாகக் கணுக்காலுக்கு வந்து, இரும்பு வாடை மூக்கை அடைத்து, பிறகு அந்தச் சலசலப்புக்குள்ளிருந்து இன்னொரு சத்தம் பிரிந்தது. கரகரவென்று. நிதானமாக. துளைக்கம்பியின் வைரமுனை பாறையைக் கடையும் சத்தம்.

ஒரு கல் தரையில் விழுந்து உருண்டது.

கூப்பிட்டிருக்கலாம். அவள் கூப்பிடவில்லை. இருட்டில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய கோபம் முழுவதும் அவளோடு சேர்ந்து காதுகொடுத்துக் கேட்டது.

சத்தம் நின்றது.

“சார்?”

மழை.

செல்போன் விளக்கைப் போட்டாள். யாருமில்லை. அவள் எடுத்து வைத்த கற்கள் தரையிலேயே கிடந்தன. வாசலுக்கு வெளியே ஜீப் நனைந்துகொண்டிருந்தது.

பெட்டியில் புதிய கல்.

சாம்பல் நிறம். ஈரம். தொட்டாள். சூடு. வெட்டுமுகத்தில் குவார்ட்ஸ்போல் வெள்ளையாக ஐந்து புள்ளிகள், ஒரே வரிசையில். குனிந்தாள். ஆறாவது வெள்ளையாக இல்லை. தங்கம்.

பழக்கத்தில் கைதான் அசைந்தது. நாடாவை இழுத்தது. அளந்தது.

ஒரு மீட்டர் அறுபத்தெட்டு.

மீதிக் காலி இடத்தையும் அளந்தாள்.

ஒரு மீட்டர் ஐம்பத்திரண்டு.

நாடா கையிலிருந்து நழுவியது. வெளிச்சத்தில் அவள் விரல்கள் மினுமினுத்தன. காலி வரிசையின் அடியில், மெல்ல, தண்ணீர் ஊறத் தொடங்கியது.