அம்புக்குறிக்கு மாறாக

யட்டவத்த சந்தைக்குப் பின்னால் இருந்த டயர் கடைக்கு ஜெஸ்லா வந்து சேர்ந்தபோது சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. மழை விட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் அரிசி ஆலை. ஆலை மூடிப் பல வருடங்களாகியும் சுவர்களில் தவிட்டு வாசனை போகவில்லை. அதன்மேல் ரப்பர் வாசனையும் ஏறி, உள்ளே கால் வைத்தால் தொண்டை கமறும். பகலிலும் ஒற்றை பல்பு எரிந்துகொண்டிருந்தது. கூரைவரை டயர்கள் அடுக்கியிருந்தன.

கடைக்காரர் முனாஸ் நானா அவளுடைய பைக்கின் பின்சில்லைப் பார்த்துவிட்டு வெற்றிலையைத் துப்பினார்.

"இதுலயா தங்கச்சி ரிவர்ஸ்டன் ஏறி இறங்குறீங்க? மொட்டையாப் போய்ட்டு. உள்ளுக்கு நூல் தெரியுது."

"அதுக்குத்தானே வந்தேன் நானா. ஏச்சு வீட்டுலயே தாராளமாக் கெடைக்குது."

ஜெஸ்லா கால்நடை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவள் தொழில். மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலை ஏறி, அந்தப் பக்கம் இறங்கினால் பல்லேகம. வாரத்தில் நான்கு நாள் அங்கேதான் வேலை. முக்காடு போட்ட பெண்பிள்ளை இந்த வேலைக்கு, இந்தப் பாதையில், தனியாகப் பைக்கில் போவதைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர்கள் மையவாடியில் அடக்கமாகிக் கிடப்பவர்கள் மட்டும்தான்.

போன வாரம் ஈரத்தில் சறுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். அதைக் கண்டதும் அவளுடைய கூடப்பிறந்த நானா இப்ஹாம், மாத்தளை அலுவலகத்துக்கே மாற்றம் கேட்டு அவள் பெயரில் ஒரு கடிதம் எழுதிவிட்டார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. "இன்னொரு தடவ விழுந்தா இதுல சைன் வெக்கிற, சரியா?" என்று கேட்டார். கோபத்தில் இவளும் சரியென்று சொல்லித் தொலைத்தாள். மேசையில் உட்கார்ந்து கோப்புத் தள்ளுவதற்குப் பதில் மாட்டுக் கொட்டிலிலேயே குடியிருக்கலாம் என்பது அவள் கட்சி. ஆகவே இனி விழக்கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

முனாஸ் நானா முதலில் இறக்கிப் போட்ட டயர் புதியது. ஆனால் ஒரு சுற்று அகலம். மாட்டினால் செயின் மூடியில் உரசும். இரண்டாவது கட்டை கட்டையான காட்டுப்பாதை டயர். சேற்றில் நன்றாக நிற்கும், ஈரத் தாரில் வழுக்கும். அவளுக்கு வேண்டியதோ தார் ரோட்டுக்கான டயர். சரியான அளவில் புதியது கண்டியிலிருந்து வர வியாழக்கிழமை ஆகும் என்றார்.

"திங்கக்கிழம எனக்கு வேலை இருக்கு நானா."

அப்போதுதான் அடுக்குக்குப் பின்னால் சுவரோடு சாய்த்து வைத்திருந்த இன்னொரு டயரை அவளே கண்டாள். இழுத்து எடுத்தாள். அளவு அச்சாகச் சரி. தண்ணீர் வழிந்தோட ஆழமான பள்ளங்கள். ஓரத்தில் குத்தியிருந்த நான்கு இலக்கத்தைப் படித்தாள். எந்த வருடம், எத்தனையாவது வாரம் செய்தது என்பதை அது சொல்லும். இரண்டு வயதுகூட ஆகவில்லை. நகத்தால் அழுத்தினாள். ரப்பர் மெத்தென்று இருந்தது.

"இது யாருட?"

"பாவிச்சது. ஒரு பைக்ல கழட்டினது." முனாஸ் நானா வெளியே, இல்லாத மழையைப் பார்த்தார். "அது வேணாம். ஒரு பக்கம் தேஞ்சிருக்கு."

"அப்ப திருப்பிப் போடுங்க."

மலைப்பாதையில் ஓடுகிறவர்கள் வழக்கமாகச் செய்வதுதான் இது. ஒரு பக்கம் தேய்ந்தால் டயரைக் கழற்றி மறுபக்கமாக மாட்டி இன்னும் கொஞ்ச நாள் இழுப்பார்கள். அவர் இரண்டு தடவை மறுத்தார். மூன்றாம் தடவை அவளுடைய பிடிவாதத்துக்கு வழிவிட்டு மாட்டிக் கொடுத்தார். சில்லு ஓடவேண்டிய திசையைக் காட்ட டயரின் ஓரத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது இப்போது பின்னோக்கிப் பார்த்தது. ஜெஸ்லா அதைக் கவனித்தாள், கவனித்தும் விட்டுவிட்டாள். டயர் விஷயத்தில் தனக்குத் தெரியாதது இல்லை என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

திங்கள் விடியற்காலையிலேயே பல்லேகமயிலிருந்து தொலைபேசி வந்தது. ஒரு விதவைப் பெண்ணின் ஒரே பசு சினைக்குக் கத்துகிறது. இன்று தவறினால் இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். ஜெஸ்லா சினை ஊசிக் குழாய்களை உறைகுளிரில் வைத்திருக்கும் பெரிய புட்டியைப் பின் கெரியரில் கட்டிக்கொண்டு ஏழு மணிக்கே புறப்பட்டாள்.

ரத்தோட்டைவரை ஒரு குறையுமில்லை. கடைசித் தேயிலைத் தோட்டமும் பின்னால் போய், பாதை பனிமூட்டத்துக்குள் நுழைந்த இடத்தில் பைக் கனத்தது. முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறியது, வேகம் ஏறவில்லை. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று இறங்கிப் பார்த்தாள். சில்லு சூடாகக்கூட இல்லை. கையால் தள்ளினால் பைக் தாராளமாக உருண்டது.

மறுபடி ஏறி உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பின்னால் சீட் ஒருமுறை அமுங்கியது.

புட்டிதான் நகர்ந்திருக்கும் என்று கையைப் பின்னால் விட்டுத் தடவினாள். புட்டி கெரியரில் கட்டியபடியே இருந்தது. அவளுக்கும் புட்டிக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. அந்த இடத்தில் காற்று மட்டும் சில்லென்று, ஈரமாக இருந்தது. நனைந்த துணியின் வாசனை வந்தது. அதோடு, பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த புதுச் சப்பாத்தின் தோல் வாசனையும் வந்தது.

ஓட்டினாள். மெதுவாக ஓட்டினாள். மேலே ஒரு வளைவில் மண் சரிந்து பாதையெல்லாம் சேறாகப் பரவியிருந்தது. பறவைச் சத்தம் ஒன்றுமில்லை. சேற்றின் ஓரத்தில் நிறுத்தி, எப்படிக் கடப்பது என்று பார்த்தாள்.

சேற்றில் ஒரு டயர்த் தடம் இருந்தது.

அவளுடைய டயரின் தடம். பள்ளங்களின் ஒவ்வொரு வெட்டும் அதே வெட்டு. பாதையின் விளிம்பில், கீழே பள்ளத்தாக்கு விழும் இடத்தில் தொடங்கி, அவளுடைய முன்சில்லுவரை வந்து நின்றிருந்தது.

அந்தச் சேற்றில் அவள் இன்னும் கால்கூட வைக்கவில்லை.

"திரும்புங்க."

குரல் வெளியிலிருந்து வரவில்லை. ஹெல்மெட்டுக்கு உள்ளே, காதோடு காதாக வந்தது. இளம் ஆணின் மரியாதையான குரல்.

"மழை வருது. திரும்பிடுவோம்."

ஜெஸ்லா வெறிபிடித்தவளாக முறுக்கினாள். எஞ்சின் அலறியது. பைக் பின்னோக்கி நகர்ந்தது. முன்கியரில், முழு வேகத்தில், சில்லு சுழல்வது தெரியத் தெரிய, பக்கத்து விளிம்பை நோக்கிச் சரிந்து பின்னால் போனது. இரண்டு காலையும் ஊன்றினாள். சப்பாத்துகள் ஓரத்து ஈரமண்ணில் கோடு கிழித்தன. அதற்குமேல் ஓர் அடி போயிருந்தால் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டியிருக்காது. கடைசி நொடியில் ஹேண்டிலை ஒடித்து, பைக்கை வந்த வழிக்குத் திருப்பினாள்.

திருப்பியதும் பைக் இறகாய் லேசாகி, வீட்டை நோக்கி ஓடத் தொடங்கியது.

ரத்தோட்டை கடைத்தெரு வரும்வரை அழுதாள். பயத்தில் பாதி, ஆத்திரத்தில் மீதி. ஊரில் உயிரோடிருப்பவர்கள் எல்லாரும் அவளைத் திரும்பு திரும்பு என்றது போதாதென்று, இப்போது மௌத்தானவர்களும் தொடங்கிவிட்டார்கள்.

பதினொரு மணிக்குக் கடைக்குள் பைக்கோடு நுழைந்தவளின் முகத்தைப் பார்த்ததுமே முனாஸ் நானாவுக்கு விளங்கிவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டார்.

"நிஸ்தார்னு பேரு. இந்த ஊருப் புள்ளதான். பல்லேகம ஸ்கூலுக்கு டீச்சிங் அப்பொய்ன்மென்ட் கெடச்சிருந்திச்சு. போன நவம்பர்ல மொத நாள் போனாரு. உம்மா போக வேணாம்னு அழுதாவாம். மேல போனதும் மழையக் கண்டு பயந்து, 'திரும்பி வாறேன் உம்மா'ன்னு போன் எடுத்திருக்காரு. அந்த வளைவுல பைக்கத் திருப்பக்குள்ளதான் சறுக்கிப் பள்ளத்துல விழுந்தது. அந்த பைக்குட டயர்தான் இது."

"புதுச் சப்பாத்து போட்டிருந்தாரா?"

முனாஸ் நானா திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவளைக் கண்டதுமே அவர் போட்ட அழைப்பில் இப்ஹாமும் அதற்குள் வந்து சேர்ந்திருந்தார். சட்டைப் பையில் கடிதம் நீட்டிக்கொண்டிருந்தது.

"போதும் ஜெஸ்லா. சைன் வெச்சிடு."

"நான் விழல நானா. விழாம சைன் இல்ல."

"விழுந்தா சைன் வெக்க ஆள் இருக்காது!" இப்ஹாமின் குரல் உடைந்தது. அவர் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. ஒரு கணம் மனசு ஆடிப்போனது.

"கழட்டித் தாங்க தங்கச்சி, எரிச்சிடுறேன்" என்றார் முனாஸ் நானா.

"எரிக்க வேணாம். கழட்டி, அம்பு முன்னால பாக்கிற மாதிரிப் போடுங்க." இரண்டு ஆண்களும் அவளையே பார்த்தார்கள். "பாதியில திரும்பினதாலதானே அவரு மௌத்தானாரு? இன்னும் திரும்பிக்கிட்டே இருக்காரு. நாமளும் டயரத் திருப்பிப் போட்டு ஒத்தாச பண்ணியிருக்கோம். அவரு போக வேண்டிய இடம் பல்லேகம. எனக்கும் அங்கதான் வேலை. கொண்டு போய் விடுறேன்."

"உனக்குப் பைத்தியமா?" என்று கத்தினார் இப்ஹாம்.

"காலையில கத்தின மாடு பின்னேரம் வரைக்கும் தாங்கும் நானா. பைத்தியத்துக்கெல்லாம் நேரமில்ல."

பிற்பகலில் மறுபடி அதே பனிமூட்டம். அதே இடத்தில் சீட் அமுங்கியது. இம்முறை பைக் கனக்கவில்லை. ஜெஸ்லா காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டே ஏறினாள். சின்ன வயதிலிருந்து பாடமாக இருந்தது, வளைவு கண்ணில் பட்டதும் பாதியில் மறந்துபோனது. மறந்த இடத்திலிருந்து ஏசத் தொடங்கினாள்.

"திரும்புங்க, தங்கச்சி."

"ஏலாது."

"மழை வருது."

"வந்தா நனைவோம்!"

ஹேண்டிலைப் பிடித்திருந்த அவள் கைகளின்மேல் இன்னும் இரண்டு கைகள் வந்து அமர்ந்தன. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையுறைக்குள் விரல்கள் உறைந்தன. ஹேண்டில் மெல்ல, மெல்ல விளிம்புப் பக்கமாகத் திரும்பியது.

அவள் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை. அவ்வளவு கோபப்பட்டதும் இல்லை.

"சேர்!" என்று வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல் கத்தினாள். மலை அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னது. "பின்னால உக்காந்தவங்க ஹேண்டில் புடிக்கக் கூடாது! ஸ்கூல் அங்கிட்டு இருக்கு. மொத நாளே இவ்வளவு லேட். கையை எடுங்க!"

கைகள் அசையவில்லை.

"உம்மா அழுதாங்கன்னுதானே திரும்புனீங்க? எனக்கும் வீட்ல அழுறாங்க. நான் போறேன். எடுங்க சேர் கையை!"

மழையின் முதல் துளி ஹெல்மெட்டில் விழுந்தது.

கைகள் விலகின.

சேற்றைக் கடந்தாள். பின்சில்லு ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. இறக்கம் முழுவதும் கொட்டும் மழை. சீட் அமுங்கியபடியே இருந்தது, குரல் மட்டும் வரவில்லை. பல்லேகம பள்ளிக்கூடத்தின் வாசல் படலை சாத்தியிருந்தது. அதன் முன்னால் நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள். முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

"வந்துட்டோம். எறங்குங்க சேர்."

பிறகு சீட் மெல்ல மேலெழுந்தது. படலை ஓர் ஆள் நுழையுமளவு திறந்து, மறுபடி சாத்திக்கொண்டது. காற்றாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு, பசு நின்ற வீட்டுக்குப் போய் வேலையை முடித்தாள்.

வியாழக்கிழமை புது டயர் வந்தது. முனாஸ் நானா அதை அம்பு சரியாகப் பார்த்து மாட்டினார். பழையதை ஆலைக்குப் பின்னால் எரித்து, சாம்பல்மேல் தண்ணீரும் ஊற்றினார். இப்ஹாம் கடிதத்தைப் பற்றிப் பிறகு வாயே திறக்கவில்லை. அடுத்த திங்கள் காலை வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருக்க, தங்கச்சிக்குச் சாப்பாட்டுப் பார்சலை அவரே வாசலுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அது அவர் பாணியில் மன்னிப்பு. ஜெஸ்லாவுக்குக் கண் கலங்கியது, காட்டிக்கொள்ளவில்லை.

மணி ஏழு. ஏறி உட்கார்ந்து எஞ்சினை முடுக்கினாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், நானா. போய்ட்டு வாறேன்."

இப்ஹாம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வருவதற்குள் அவர் முகம் வெளுத்துப்போனது.

"வஅலைக்குமுஸ்ஸலாம்" என்று ஜெஸ்லாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து மரியாதையான ஒரு குரல் சொன்னது.

சீட் அமுங்கியது.

ஜெஸ்லா கண்ணை மூடினாள். ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு கண்ணைத் திறந்து, தலையைத் திருப்பாமல், பின்னால் இருப்பவருக்குக் கேட்கும்படி தெளிவாகச் சொன்னாள்.

"ஸ்கூலுக்குத்தானே சேர்? ஹேண்டில் என்னட."

கியரைப் போட்டாள்.