ஏழாவது படம்

ஏழாவது படத்துக்கு வந்ததும் கேமரா முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மகள் டுஃபியே அதை அப்படித் திரும்பச் சொல்லவில்லை. செத்துப்போன அப்பாவின் வாழ்க்கையைச் சொல்லும் பன்னிரண்டு புகைப்படங்களைக் கணினிக்குள், வெற்றுவெளியில், கொடியில் துணி போட்ட மாதிரி வரிசையாக நிறுத்தி, நடுவே ஒரு கேமராவை நேராக நடத்தியிருந்தாள், அவ்வளவுதான். சனிக்கிழமை இறுதிச்சடங்குக்குக் குமாசி நகரில் பாதி ஊர் துக்கத்துக்கான சிவப்பும் கறுப்பும் உடுத்தி வந்து, பெரிய திரையில் இதைத்தான் பார்க்கும். ஏழாவது படத்தில் இருந்தது அம்மா கொனாடு. இருபது வருஷத்துக்கு முன் அப்பா துரத்திவிட்ட இரண்டாம் மனைவி. இப்போது இதே வீட்டில் மகளோடுதான் இருக்கிறாள்.

போன் அடித்தது. அப்பாவின் அக்கா, போகுவா அத்தை.

"அந்தப் பொம்பள மூஞ்சி படத்துல வரக்கூடாது, கேட்டியா? குடும்ப மானம் சந்தி சிரிக்கும்."

"வரும் அத்தை. பெருசா வரும். பிடிக்கலன்னா கண்ண மூடிக்குங்க."

"வாயப் பாரு! அப்படியே ஆத்தாக்காரி வாயி."

"வேற யாரு வாய் இருக்கும்?"

வைத்துவிட்டு, கேமராவின் பாதையை அழித்து மறுபடி போட்டாள். பட்டப்பகல், மின்விசிறி வெந்த காற்றையே சுற்றிச் சுற்றித் தள்ள, அதில் பிணவறை மருந்தின் வாடை மெல்லக் கலந்து வர, கேமரா மறுபடியும் அம்மாவை விட்டு விலகி, அப்பாவின் படத்துக்குப் பின்னால் ஊர்ந்து போனது. தட்டையான படம். பின்னாலிருந்து பார்த்தாலும் அதே முகம்தான் இடம் வலமாக மாறித் தெரிய வேண்டும்.

அப்பாவின் பிடரி தெரிந்தது. காதுகளில் பஞ்சு.

அவள் நாற்காலியைத் திரையருகே இழுத்துப்போட்டாள். பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

"செத்தும் அம்மாவப் பாக்க மாட்டியா அப்பா? இரு. பாக்க வைக்கிறேன்."

அந்தக் கேமராவையே தூக்கிப் போட்டாள். இன்னொரு வகைக் கேமரா இருக்கிறது. ஒரு குறியைக் கட்டிவிட்டால் எங்கே நகர்ந்தாலும் அதன் கண் அந்தக் குறியை விட்டு அகலாது. அதைத் தேர்ந்தெடுத்து, அம்மாவின் முகத்தோடு கட்டினாள். ஓடவிட்டாள்.

கேமரா திமிறியது. உதறியது. பிறகு பார்த்தது.

திரை முழுக்க அம்மா. டுஃபியே கைதட்டிச் சிரித்தாள்.

ஆனால் கேமரா நிற்கவில்லை. முகத்தை நெருங்கியது. படத்தைக் கிழித்துக்கொண்டு அப்பால் போனது. அப்பால் வெற்றுவெளி இல்லை. இந்த வீட்டின் பின்முற்றம். உள்ளே வரி கீறிய மண்சட்டியில் மரக்குழவியால் மிளகாய் அரைத்துக்கொண்டு குட்டை முக்காலியில் அம்மா, காலையில் கட்டிய அதே நீலத்துணியில்.

டுஃபியே கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை.

"அம்மா! உள்ள வா!"

அம்மா எழவில்லை. நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்த்தாள். திரையில் உதடு அசைந்தது. குரல் ஜன்னல் வழியாக வந்தது.

"வந்துட்டியா? என் மூஞ்சியப் பாக்க உனக்கு இருபது வருஷம் ஆச்சு. பாரு. நல்லாப் பாரு. நான் கண்ணத் தாழ்த்த மாட்டேன்."

திரையின் அடியிலிருந்து ஒரு கை நீண்டது. விரல் நிறைய அப்பாவின் மோதிரங்கள். நகங்களில் பிணவறையின் உறைபனி.

அது அம்மாவின் கன்னத்தைத் தொட்டது. அம்மா இமைக்கவில்லை.